கடைமடையில் ஒரு சிற்பம்: எதை வைக்கலாம், எது நிற்கும்?

வேதாரண்யத்துக்கு வடக்கே ஒரு கடலோரச் சிற்றூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் இளைஞர் மன்றம் சார்பில், பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் கடற்கரையில் பெரிய சிற்பம் ஒன்று வைக்க நினைக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் செலவை ஏற்றுக்கொள்கிறார். இரண்டு கைகள் பூமிப்பந்தைத் தாங்குவது போல 20 அடியில் சிமெண்ட் சிலை என்று பேச்சு. உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? நம் பக்கம் எது சரிப்படும்?"

தம்பி, நான் கும்பகோணத்தில் சிற்பம் படித்து, டெல்டாவிலேயே முப்பது வருஷமாக மண்ணிலும் உலோகத்திலும் வேலை பார்க்கிறவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பூமிப்பந்தும் கைகளும் வேண்டாம். அந்தச் சிலையை உங்கள் ஊரில் வைத்தாலும் ஒன்றுதான், ஓசூர் பேருந்து நிலையத்தில் வைத்தாலும் ஒன்றுதான். உங்கள் ஊர்க் கிணறு உவர்ப்பானாலும் அது அப்படியே நிற்கும், கடல் பத்தடி உள்ளே வந்தாலும் அப்படியே நிற்கும். அதைப் பார்த்து ஊரில் ஒருவருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை.

மேட்டூர் அணைக்குள் பண்ணவாடிப் பக்கம் ஒரு நந்தி இருக்கிறது. 1934-இல் அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது கிராமங்கள் இடம்பெயர்ந்தன. பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அதன் நந்தியும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்குள் போயின. அணையின் முழு மட்டம் 120 அடி. தண்ணீர் நன்றாக வற்றும் வருஷங்களில் முதலில் ஆலயக் கோபுரம் தெரியும், இன்னும் வற்றினால் நந்தியின் தலையும் வெளியே வரும். செய்தித்தாளில் அந்தப் படம் வந்துவிட்டால் போதும், 200 கிலோமீட்டருக்கு இப்பால், பாசன வாய்க்காலின் கடைசி முனையான கடைமடையில் இருக்கும் விவசாயிக்கு விளங்கிவிடும், ஜூன் 12 அன்று அணை திறக்காது, குறுவை கஷ்டம் என்று. 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்த நந்தியை யாரும் சுற்றுச்சூழல் சிற்பம் என்று செய்யவில்லை. ஆனால் நம் டெல்டாவில் இத்தனை பேர் பார்த்தவுடன் புரிந்துகொள்கிற சிற்பம் வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மாறினால் அதன் தோற்றம் மாறுகிறது, அந்த மாற்றத்தின் அர்த்தம் பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் சிற்பத்துக்கும் இந்த இரண்டும் வேண்டும் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

வெளிநாட்டிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. செக் நாட்டில் எல்பே ஆற்றங்கரையில் தெச்சின் என்ற ஊரில் ஒரு பாறை. கடும் வறட்சியில் ஆறு இறங்கினால்தான் தெரியும். வறண்ட ஆண்டுகளை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள், படிக்க முடிகிறவற்றில் பழையது 1616. கூடவே ஒரு வரி, ‘என்னைப் பார்த்தால் அழு’ என்று. பசிக்கல் என்றே இதற்குப் பெயர். 2018-லும் 2022-லும் அது வெளியே வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ராபர்ட் ஸ்மித்சன் என்ற கலைஞர் 1970-இல் பெரிய உப்பு ஏரிக்குள் கருங்கல்லும் மண்ணும் கொட்டி, 1500 அடி நீளத்துக்குச் சுருள் வடிவில் ஒரு கரை போட்டார். ஏரி தாழ்ந்திருந்த காலத்தில் போட்டது. அப்புறம் நீர் ஏறி, ஏறத்தாழ முப்பது வருஷம் மூழ்கியே கிடந்தது. 2002 வாக்கில் மறுபடி தலைகாட்டியது. இப்போது தண்ணீர் அதை விட்டு வெகுதூரம் விலகிப் போய்விட்டது. பண்ணவாடி நந்தியைப் போல அதுவும் தானாகவே அளவுகோல் ஆகிவிட்டது.

திட்டமிட்டே அறிவியலோடு கைகோத்துச் செய்ததில் முதலில் சொல்ல வேண்டியது ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞரின் பனிக்கட்டி வேலை. மினிக் ரோசிங் என்ற நிலவியலாளரோடு சேர்ந்து செய்தார். கிரீன்லாந்தின் பனிப்பாளத்திலிருந்து ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்துகொண்டிருந்த கட்டிகளை இழுத்து வந்து, 2014-இல் கோபன்ஹேகன் நகரமன்றச் சதுக்கத்தில் 12 கட்டிகளைக் கடிகாரத்தின் எண்கள் போல வட்டமாக வைத்தார்கள். 2015-இல் பருவநிலை மாநாடு நடந்தபோது பாரிஸில், 2018 டிசம்பரில் லண்டனில் தேம்ஸ் கரையில். மக்கள் கையால் தடவினார்கள், கட்டிப்பிடித்தார்கள், குழந்தைகள் நக்கிப் பார்த்தார்கள். காதை வைத்தால் சின்னச் சின்ன வெடிச்சத்தம் கேட்கும். பல்லாயிரம் வருஷத்துக்கு முன் பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் உடைகிற சத்தம் அது. பழைய காலத்துக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்று அறிவியலாளர்கள் கண்டுபிடிப்பதும் இதே மாதிரியான குமிழிகளை வைத்துத்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த விஷயம் நடுத்தெருவில் ஒரு குழந்தையின் காதுக்குள் போனது. சில நாளில் எல்லாம் உருகி ஓடிவிட்டது.

இதை அப்படியே எடுக்க முடியாது. பனிக்கட்டி நம் பாடு இல்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பனிக்குப் பதில் பனி மாதிரி ஒன்றைச் செய்து அவர் வைக்கவில்லை, பனியையே கொண்டுவந்து வைத்தார். நம் ஊரில் மாறிக்கொண்டிருக்கும் பொருள் எது? மண்ணும் உப்பும். அவற்றையே வைக்க வேண்டும்.

நீருக்கடியில் சிலை வைக்கிற ஜேசன் டிகேர்ஸ் டெய்லரைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். 2006-இல் கிரனடா தீவில் தொடங்கினார், மெக்சிகோவின் கான்கூனில் நூற்றுக்கணக்கில் வைத்தார். அந்தச் சிமெண்ட் உருவங்களின் மேல் பவளம் வளரும். தெளிந்த கடலுக்கு அது அருமையான யோசனை. நம் கரையில் ஆறு கொண்டுவரும் சேறும் வடகிழக்குப் பருவத்து அலையும் சேர்ந்து தண்ணீர் கலங்கியே இருக்கும், கீழே எதை வைத்தாலும் கண்ணுக்குத் தெரியாது, வலையும் சிக்கும். அதே டெய்லர் 2019-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கரையில் ஒரு சிறுமியின் உருவத்தை வைத்தார். பவளத்திட்டில் கடல்நீரின் வெப்பம் எவ்வளவோ அதற்கேற்ப அது இரவில் நிறம் மாறும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவு ஒன்றில் இரண்டு ஃபின்லாந்துக் கலைஞர்கள், எதிர்காலத்தில் ஓதம் (கடலின் ஏற்றம்) எவ்வளவு உயரம் ஏறக்கூடும் என்பதைக் கட்டடங்களின் மேல் வெள்ளை விளக்குக் கோடாக ஓடவிட்டார்கள். இரண்டும் நல்ல வேலைகள். ஆனால் நம் கரையில் இரவு விளக்கே வேண்டாம். தை மாசி பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட வரும் மணல் அது. பொரித்த குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைத் தேடும். நீங்கள் கரையில் விளக்குப் போட்டால் அது கடலை விட்டு ஊரைப் பார்த்து நடக்கும். சுற்றுச்சூழலுக்காக வைத்த சிற்பம் ஆமையைக் கொன்றது என்று இருக்கக்கூடாது.

என் மனதை அதிகம் தொட்டது மாயா லின் என்ற கலைஞர் 2021-இல் நியூயார்க் பூங்கா ஒன்றில் செய்தது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் கடலோரக் காட்டில் உப்புநீர் ஏறிப் பட்டுப்போன 49 வெள்ளைத் தேவதாரு மரங்களைக் கொண்டுவந்து, பசும்புல் நடுவே நட்டார். இலையில்லாத சாம்பல் மரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 அடி. சுற்றிலும் பூங்காவின் மரங்கள் தளிர்த்து நிற்க, நடுவே இவை. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நியூயார்க் ஞாபகம் வரவில்லை. 2018 நவம்பர் 16-க்கு அப்புறம் முத்துப்பேட்டைக் கழியில் படகில் போனது ஞாபகம் வந்தது. கஜா புயல் அடித்த அலையாத்திக் காடு. மைல் கணக்கில் ஓர் இலை இல்லை, கொக்கு உட்காரக் கிளை இல்லை. படகோட்டி அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் கழி முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பினார். வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் கிடந்த கிடையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாயா லின் நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்ததை நாம் வாசலிலேயே பார்த்தோம். அதனால் நமக்கு இழப்பைக் காட்டுகிற சிற்பம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இழப்பு நமக்குத் தெரியும். மெதுவாக நடப்பதால் கண்ணுக்குப் படாமல் போவது எதுவோ, அதைக் காட்டுவதுதான் தேவை.

மெதுவாக நடப்பது எது என்று அறிவியலில் கொஞ்சம் நின்று பார்ப்போம். இதைச் சரியாகப் பிடிக்காமல் சிற்பத்தில் இறங்கினால் தப்பாகிவிடும்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி-யின் அறிக்கை சொல்கிறது. 2006-க்கு அப்புறம் வேகம் கூடி, ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் ஆனது. சூடேறும் தண்ணீர் விரிகிறது, நிலத்தின் மேலிருந்த பனி உருகிக் கடலில் சேர்கிறது. இது ஒரு பக்கம். டெல்டாவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆற்று வண்டல் படிந்து படிந்து உருவான நிலம் தன் பாரத்தில் தானே அமுங்கிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் வெள்ளம் புது வண்டல் கொண்டுவந்து போட்டால் அந்த அமுக்கம் ஈடாகும். மேட்டூரும் அதற்கு மேலே கிருஷ்ணராஜசாகரும் கட்டியபின் வண்டலில் பெரும்பங்கு அணைகளிலேயே தங்கிவிடுகிறது. மிச்சம் மீதி மணலை நாம் லாரியில் அள்ளுகிறோம். போர் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச நிலம் இன்னும் அமுங்கும், நன்னீர் விலகிய இடத்தில் கடல்நீர் நுழையும். ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் ஓதத்தோடு உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வழியாக வாய்க்கால்களில் ஏறி வரும். அதைத் தடுக்கத்தான் கடைமடையில் ரெகுலேட்டர்கள் எனும் கதவு வைத்த தடுப்பணைகள்.

எனவே தம்பி, கடல் அரித்ததையெல்லாம் பருவநிலை மாற்றம் என்று கல்வெட்டில் எழுதிவிடாதீர்கள். தரங்கம்பாடியில் 1306-இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை தின்று எத்தனையோ காலமாகிறது. புகாரைக் கடல் கொண்டது எந்தப் புகைபோக்கியும் வருவதற்கு முன்பு. கடல் ஏறுவது, நிலம் இறங்குவது, வண்டல் வராதது, மணலும் நீரும் அள்ளுவது, எல்லாம் ஒன்றுசேர்ந்துதான் உங்கள் ஊர்க் கிணற்றில் உப்பாக வந்து நிற்கிறது. பழியைப் பிரித்துச் சொல்கிற நேர்மை சிற்பத்துக்கும் வேண்டும்.

இந்த வண்டலைப் பற்றி ஒரு வார்த்தை, என் தொழிலோடு சேர்ந்தது. சுவாமிமலைப் பட்டறைகளில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்தபின், அதன் மேல் முதல் பூச்சாகப் பூசுவது காவிரி வண்டலைத்தான். மாவு போல வழவழப்பான அந்த மண் மெழுகில் உள்ள நகக்கீறலைக்கூடப் பிடித்துக்கொள்ளும். சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும்போது வெடிக்காது. 2023-இல் டெல்லியில் ஜி20 மாநாட்டு மண்டபத்தின் முன் வைத்த 27 அடி நடராஜர், அஷ்டதாது என்ற எட்டு உலோகக் கலவையில் சுவாமிமலையில் உருவானவர். நாட்டின் தலைநகரில் நிற்கும் அவ்வளவு பெரிய சிற்பத்தின் தோலில் இந்த ஊர் மண்ணின் பதிவு இருக்கிறது. அந்த வண்டல்தான் நீங்கள் நிற்கும் தரையும். வயலுக்கு வராத வண்டல் பட்டறைக்கும் வராது.

சரி, என்ன செய்யலாம்? என் யோசனையைச் சொல்கிறேன், ஊரில் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

உறைகிணறு தெரியுமல்லவா? சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டும் கிணறு. பூம்புகார் முதல் கீழடி வரை எங்கே தோண்டினாலும் கிடைக்கிறது. அந்த உறைகளைத் தரைக்கு மேலே அடுக்குங்கள். கிணறு நிலத்தைவிட்டு எழுந்து நிற்பது போல. உள்ளே அந்தந்த இடத்து மண்ணையே நிரப்புங்கள். கடற்கரையில் ஒன்று, சவுக்குத்தோப்புக்குப் பின்னால் ஒன்று, ஊர்க் குளத்தருகே ஒன்று, வயலோரம் ஒன்று என்று, கடலிலிருந்து இன்னும் நல்ல தண்ணீர் தருகிற கடைசிக் கிணறு வரை வரிசையாகப் பன்னிரண்டு தூண்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளும். பெரிய சிற்பம் என்றால் உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஊரே நடந்து பார்க்க வேண்டிய நீளம் பெரிதுதான்.

மண்ணில் உள்ள உப்பு என்ன செய்யும் என்பது கடலோரத்துக் கொத்தனார் எல்லோருக்கும் தெரியும். ஈரம் சுட்ட மண்ணுக்குள் ஊறி மேலே ஏறும், வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் நுண்துளைகளில் தங்கிப் படிகமாகும். படிகம் வளர வளர மேற்பரப்பு பொரிந்து உதிரும். வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பது இதனால்தான். எந்தத் தூண் எவ்வளவு உயரம் பூத்திருக்கிறது, எது முதலில் உதிர்கிறது என்று வருஷாவருஷம் பார்த்தால், உப்பு ஊருக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது எழுத்துப் படிக்காதவருக்கும் தெரியும். எல்லா உறைகளும் ஒரே மண்ணில், ஒரே சூளையில், ஒரே சூட்டில் வெந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வித்தியாசம் மண்ணால் வந்ததா உப்பால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதே சூளையில் சுட்ட இன்னொரு தூணைக் கும்பகோணம் பக்கம் நல்ல தண்ணீர் ஊரில் ஒப்பீட்டுக்கு வையுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்துக் கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் மழை முடிந்தபின் தையிலும், சோதித்து எழுதி வையுங்கள். நீரின் மின்கடத்துதிறனை அளந்தால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்தில் செய்து தருவார்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலையின் கடல் உயிரியல் மையமும், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நேரில் போய்க் கேளுங்கள். சிற்பம் முடிந்தபின் திறப்பு விழாவுக்கு அழைப்பதைவிட, தூண் எங்கே வரவேண்டும் என்று குறிக்கும்போதே அவர்கள் வரட்டும்.

ஆள் உயரத்துக்கு மேல் வேண்டாம். அடி கரைந்து சாயும் பொருள் அது, பிள்ளைகள் விளையாடுகிற இடம். உதிர்ந்த உறையை மண்பாண்டம் செய்யும் வேளார் புதிதாகச் செய்து பங்குனியில் மாற்றட்டும், பழையது காலடியிலேயே கிடக்கட்டும். நம் அய்யனார் கோயில்களில் புரவியெடுப்புக்குச் செய்த மண்குதிரைகள் அப்படித்தானே, பழையவை மரத்தடியில் மண்ணோடு மண்ணாகிக் கிடக்க, புதியவை பக்கத்தில் வந்து நிற்கும். (மண்குதிரையையே வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அது நேர்த்திக்கடன். உங்கள் ஊரில் மூன்று மதத்தாரும் இருக்கிறார்கள். கிணறு எல்லோருக்கும் பொது.)

யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்த மாதிரி வேலைகளின் உயிர். ஜெர்மனியின் காசல் நகரில் ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-இல் 7000 கருங்கல் தூண்களை அருங்காட்சியகத்தின் முன் குவித்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். மரம் நட நடக் குவியல் குறையும், எவ்வளவு பாக்கி என்பது ஊருக்கே தெரியும். 1986-இல் அவர் இறந்துவிட்டார், கடைசி மரம் 1987-இல் நடப்பட்டது. இன்றைக்கு மரம் கல்லைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்து நிற்கிறது. ஃபின்லாந்தில் ஆக்னஸ் டெனெஸ் என்ற கலைஞர் 11,000 பேரைக் கொண்டு 11,000 மரம் நட்டு ஒரு குன்றை உருவாக்கினார். நட்டவருக்கே மரத்தின் பொறுப்பு, பிறகு அவர் வாரிசுகளுக்கு, 400 வருஷத்துக்கு. நீங்களும் ஒரு தூணை ஒரு தெருவின் பொறுப்பில் விடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மீனவப் பஞ்சாயத்துக்கு ஒன்று, மகளிர் குழுவுக்கு ஒன்று. அளவு எழுதும் நோட்டு அந்தந்தத் தெருவில் இருக்கட்டும்.

சிமெண்ட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்பு, ஒரு நிறுவனத்துக்காகக் கடற்கரையில் கம்பி கட்டிச் சிமெண்டில் பெரிய மீன் ஒன்று செய்தோம். கம்பிக்கு மேல் காரை இரண்டு அங்குலமாவது வேண்டும் என்று நான் சொன்னேன், செலவைப் பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை. உப்புக்காற்றின் குளோரைடு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், காரையை உள்ளிருந்தே பிளந்துவிடும். ஆறாம் வருஷம் வால் விழுந்தது. நல்லவேளை ராத்திரியில் விழுந்தது. ஃபைபர் சிலையும் வேண்டாம், வெயிலில் நொறுங்கித் துகளாகிக் கடலுக்குத்தான் போகும். நிரந்தரமாக ஏதாவது வேண்டும் என்றால் கருங்கல். வரிசையின் தொடக்கத்தில் ஒரே ஒரு கருங்கல் தூண் நடுங்கள். 1952 புயல், 1977 புயல், 2004 சுனாமி, 2018 கஜா என்று, எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அதில் கோடாக வெட்டலாம். பெரியவர்கள் சொல்வதையும் ஆவணத்தையும் ஒத்துப்பார்த்து உறுதியானதை மட்டும் வெட்டுங்கள், இனி வருவதற்கும் நிறைய இடம் விடுங்கள்.

அனுமதி விஷயம். ஓதம் ஏறும் கோட்டுக்குப் பக்கத்தில் எது நட்டாலும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். அலையாத்திக்குள்ளோ கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளோ கால் வைக்கவே வேண்டாம். முதல் தூணைக்கூட மணலில் வைக்காமல் பட்டா நிலத்திலோ பஞ்சாயத்துப் புறம்போக்கிலோ வைத்தால் பாதித் தலைவலி குறையும்.

பணம் தருகிறவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமமாக இருக்கும், எனக்குத் தெரியும். 20 அடி சிலை என்றால் பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். அவரை ஒருமுறை ஊருக்கு வரச்சொல்லி, கடற்கரையிலிருந்து வயல் வரை அந்த வழியில் நடக்க வையுங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். எந்தக் கிணற்றில் அவர் சின்ன வயதில் குடித்தார் என்று கேளுங்கள். எந்த இடத்தில் தூண் நிற்க வேண்டும் என்பதை அவரே காட்டுவார்.

வருகிற சித்திரையில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், முதல் அளவை எடுத்துவிடுங்கள். சூளைக்கு மண் பார்க்கப் போகும்போது சொல்லி அனுப்பினால் நானும் வருகிறேன்.